ஐந்தாவது முன்குறி

துப்பாக்கி சுடும் கழகத்தில் அவரை எல்லாரும் 'அரம்' என்றே அழைத்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக அக்கழகத்தின் பின்கட்டில், ஒரு சன்னலும் ஒரு மேசையும் மட்டுமே கொண்ட அறையில், கையில் அரம் இல்லாமல் அவரைக் கண்டவர் அரிது.

அவருடைய உழைப்பில் பெரும்பகுதி ஒரு சிறு இரும்புத் துண்டுக்கே செலவாயிற்று. குழாயின் நுனியில் நெல்மணி உயரத்துக்கு நிற்கும் அதற்கு முன்குறி என்று பெயர். பேச்சில் வெறும் 'முள்'. கண்ணும், கண்ணருகே இருக்கும் பின்குறியின் துளையும், முள்ளும், இலக்கும் ஒரே கோட்டில் நின்றால்தான் குண்டு சொன்ன பேச்சைக் கேட்கும். அந்தப் பழைய துப்பாக்கிகளில் பின்குறி மேலும் கீழும் மட்டுமே நகரும். பக்கவாட்டுப் பிழையைத் திருத்த வேண்டுமானால் முள்ளைத்தான் தட்ட வேண்டும். அதுவும் குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அதே பக்கம். புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அவர் விளக்கம் சொல்வதில்லை. பித்தளைத் தட்டுளியை வைத்து, சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, "போய்ச் சுட்டுப் பாருங்க" என்பார்.

தட்டுவதற்கு முன் அவருக்கு ஒரு விதி உண்டு. துப்பாக்கியை வேறொருவர் மூன்று குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். அவருக்கும் அதே பக்கம் விலகினால்தான் அரம் மேசையைவிட்டு எழும். ஒருமுறை கழகச் செயலாளரே கோபத்தோடு வந்து நின்றபோது, "துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். செயலாளர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தூங்கி எழுந்துதான் வந்தார்.

அந்த விதியிலிருந்து அவருடைய தங்கைக்கு மட்டும் விலக்கு.

தந்தை இறந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு, அவளுக்கு ஒன்பது. அவள் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் அவருக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்தவள், விளையாட்டாக ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தும் ஒரே துளையைச் சுற்றி விழுந்தன. அன்று தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகளில், துப்பாக்கியில் இல்லாத குற்றத்தை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆகவே அவள் சொல்லுக்கு அவர் சோதனை வைக்கவில்லை.

"அண்ணே, முள்ளு வளைஞ்சிருக்கு" என்று வந்து நின்றாள் ஒருநாள். பெரிய போட்டிக்கு ஆறு மாதம் இருந்தது.

அவர் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். "ஊசி மாதிரி நேரா நிக்குது. உனக்கு வயசாயிடுச்சு கழுதை."

"உனக்கு ஆகாத வயசு எனக்கு மட்டும் ஆயிடுச்சாக்கும்? நடுவுல லேசா ஒடிஞ்ச மாதிரி தெரியுதுன்னு சொல்றேன். சிரிக்காம பாரு."

அவள் இலக்குத்தாளில் குண்டுகள் இடப்பக்கம் விலகியிருந்தன. முள்ளை இடப்பக்கம் தட்டினார். சரியாயிற்று. மூன்றாம் வாரம் மறுபடியும் இடப்பக்கம். வெளிச்சம் பட்டு இரும்பு மினுங்குகிறது என்று கருதி, முள்ளைக் கழற்றிவிட்டுப் புதியது செய்து, விளக்குப் புகையில் கறுப்பேற்றினார். அதுவும் வளைந்தே தெரிந்தது. அடுத்ததைச் சற்றுத் தடிமனாக்கினார். அதற்கடுத்ததன் மேல் வெயில் விழாதிருக்க வளையம் பொருத்தினார். ஒவ்வொரு முறையும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது; ஒவ்வொன்றும் நம்பத்தக்கதாகவே இருந்தது. பதினொரு நாள் உயிரைக் கொடுத்து இழைத்த ஐந்தாவது முள்ளைப் பார்த்து அவளே, "எனக்கு நகை செஞ்சு போட்டிருந்தாகூட இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டே அண்ணே" என்றாள். அதைச் சொன்னபோது கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அவர் அதையும் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை காலை செயலாளரின் துப்பாக்கி மேசைமேல் பிரித்துக் கிடந்தது. சும்மா நிற்கப் பிடிக்காமல் செயலாளர், தங்கையின் துப்பாக்கியை எடுத்துச் சென்று மூன்று குண்டு சுட்டார். தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"என்னப்பா அரம், குழாயையே கோணலா மாட்டிட்டியா? எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகுது!"

மூன்று துளைகளும் ஒரு நாணயத்தில் மறையும் அளவுக்கு நெருங்கியிருந்தன. ஆனால் மையத்திலிருந்து ஒரு சாண் வலப்பக்கம். அவர் ஐந்து மாதமாக முள்ளைத் தள்ளியதெல்லாம் சேர்ந்தால் குண்டு எவ்வளவு விலகுமோ, சரியாக அவ்வளவு. துப்பாக்கி தொடக்கத்திலிருந்தே நேராகத்தான் இருந்திருக்கிறது.

செயலாளர் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் எண்ணெய்க் கையைத் துடைக்காமலே நூலகத்துக்கு நடந்தார்.

தங்கை அட்டவணைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். "என்ன அண்ணே, பேய் அடிச்ச மாதிரி வர்றே?"

"இடது கண்ணை மூடு. அந்தக் கதவு நிலையைப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே மூடினாள். சிரிப்பு நின்றது. "நிலை நடுவுல உள்வாங்கியிருக்கு. அதுல ஏதோ... அழுக்கு மாதிரி." கையை நீட்டி அந்த அழுக்கைத் துடைக்கப் போனாள்.

கண் மருத்துவர் நெடுநேரம் சோதித்தார். வலக்கண்ணின் விழித்திரை நடுவில் நீர் கசிந்து, தழும்பாகிவிட்டது என்றார். இரு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். நாள் முழுதும் படித்தாலும் தெரியாது. ஒரு கண்ணை மூடினால்தான் தெரியும்.

அவள் ஒரு கண்ணை மூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான்.

"முதல் மாசமே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம்" என்றார் மருத்துவர். "நேரா இருக்கிறது வளைஞ்சு தெரியறதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்லைங்க டாக்டர். ஒரு மூணு மாசமா இருந்துச்சு. நான்தான் அலட்சியமா இருந்துட்டேன்" என்றாள் தங்கை, அண்ணன் பக்கம் திரும்பாமல்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மருத்துவர் அதைக் கோப்பில் எழுதிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டார்: "ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிச் சொல்லச் சொல்றே? நிஜத்தைச் சொன்னா கண்ணு வந்துடுமா?" என்றவள், "அண்ணிகிட்டயும் இப்படித்தான் சொல்லப்போறேன். நீ குறுக்கே பேசாதே" என்றாள். பேருந்தின் எண்ணைப் படிக்க, அவளையறியாமல் முகத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பினாள். அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனை திறக்கும்போதே தனியாக வந்து நின்றார். உள்ளே அழைத்ததும் உட்காரவில்லை.

"நேத்து என் தங்கச்சி சொன்னது பொய்ங்க. அவ சொன்னா. என்கிட்டதான் சொன்னா. வந்து வந்து சொன்னா. நான் முள்ளை மாத்திக்கிட்டே இருந்தேன்."

மருத்துவர் அவரையே பார்த்தார். "இது தெரிஞ்சு இனி ஆகப்போறது ஒண்ணும் இல்லைங்களே."

"தெரியும். அந்தத் தாள்ல அவ அலட்சியமா இருந்தான்னு இருக்கில்ல? அது இருக்கக் கூடாது."

மருத்துவர் கோப்பை எடுத்து ஒரு வரியை அடித்துவிட்டு எழுதினார். அவர் கேட்டுக்கொண்டபடி வாய்விட்டுப் படித்தார்: "மூன்று மாதங்களுக்கு முன்பே நோயாளி தம் அண்ணனிடம் தெரிவித்திருக்கிறார்."

"மாசம் தப்பா இருக்குங்க" என்றார் அவர். "அஞ்சு மாசம், ஆறு நாள்."