ஒன்றும் போடாத குழிகள்

ஹைதராபாத்தில் ஊரே சாப்ட்வேர் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலியின் நடுக்காதுச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். காதில் கிருமி நுழைந்தால் அந்தச் செல்கள் ஒரு புரதத்தை வெளியே விட்டு உடம்பை உதவிக்குக் கூப்பிடும். அழற்சி அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் புரதத்தை அளப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. புரதம் கூடக் கூட, அளக்கும் தட்டிலுள்ள சின்னக் குழிகளில் மஞ்சள் நிறம் ஏறும்.

என் பிரச்சினை, கிருமிகளைக் கொன்று எடுத்த சாறு விட்ட குழிகளும் மஞ்சள், ஒன்றுமே போடாத குழிகளும் மஞ்சள். மூன்று வாரமாக இதே கதை. "செல் கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார் பேராசிரியர்.

பக்கத்து மேசையில் என்னோடு ஆய்வு செய்தவள் ஹைதராபாத்தின் அல்வால் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "நக்கோ, வேணாம், தூக்கிப் போடாதே. நல்லாத்தானே வளருது" என்றாள்.

"பெறவு ஒண்ணும் போடாமலே எதுக்குக் கூப்பாடு போடுது?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. ஒன்றும் போடவில்லையா? தண்ணீர் போடுகிறேனே! செல்களுக்கான உணவுப்பொடியை ஆய்வுக்கூடத்துத் தண்ணீரில்தான் கரைத்தேன். வடிகட்டினால் கிருமி போய்விடும். செத்த கிருமியின் துணுக்குகள் தப்பிவிடும். செல்கள் பதற அதுவே போதும்.

மாலையில் மல்காஜ்கிரியில் என் வீட்டருகே மருந்துக்கடையில், அந்தத் துணுக்குகூட இல்லாத, ஊசிமருந்து கலக்கும் தண்ணீர் பாட்டில்கள் இருந்ததையெல்லாம் வாங்கினேன். எத்தனை நோயாளிகள் என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். லட்சக்கணக்கில் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது.

அந்தத் தண்ணீரில் புது உணவு கரைத்து, ஒரு வாரம் செல்களை வளர்த்து, மறுபடி அளந்தோம். மஞ்சள் நிறத்தை எடுத்துக்காட்டும் கடைசி அமிலச்சொட்டை விட்டுவிட்டுத் தட்டைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் போடாத வரிசையில் நிறமே இல்லை. கிருமிச்சாறு கூடக் கூட, அடுத்த வரிசை வெளிர் மஞ்சள், அதற்கடுத்தது எலுமிச்சை, கடைசி வரிசை அரைத்த மஞ்சள்!

"ஹவ், ஆமா! ஆயிடுச்சுடி!" என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

தட்டை ஏந்திக்கொண்டு இருவரும் நடைவழியில் ஓடினோம். பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை வருதான்னு பாருங்க" என்றார்.

நாங்கள் அதற்குள் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தோம்.