இடது காலில் மட்டும் ஒரு மெட்டி

கணுக்கால் உடைந்தபோது வைத்த பிளேட்டை எடுப்பதற்காக பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காலையில் வந்தால் மதியமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார்கள். கூட வந்தவர் என் கணவரின் அக்கா. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். என் கணவர் அந்த வருடம் தைப்பூசம் முடிந்த வாரம் மாரடைப்பில் இறந்திருந்தார்.

உடை மாற்றும்போது தாதி என் கால் விரலைப் பார்த்தார். தமிழ்ப் பெண்.

“ஆன்டி, இந்த மெட்டியக் கழட்டணுமே.”

“வந்தா கழட்டிக்கோ.”

சோப்பு, நூல் எல்லாம் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. வெட்டிவிடலாமா என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, டாக்டரே வந்துவிட்டார். கணுக்காலில்தானே வேலை, விரலில் இல்லையே என்று அவரிடமும் வாதாடினேன். கால் வீங்கும், வீங்கினால் இது விரலை நெரிக்கும் என்றார். அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மெட்டியின்மேல் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லிவிட்டு, விரல் நிறம் மாறினால் உடனே எமர்ஜென்சிக்குப் போகவேண்டும் என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கருமாதியன்று என் தாலியையும் வளையல்களையும் கழற்றினார்கள். வலது கால் மெட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. இடது காலில் எலும்பு முறிந்ததிலிருந்து விரல்கள் தடித்துப்போயிருந்தன. அக்காதான் எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர், “இருக்கட்டும்லா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. நானும் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். எனக்கு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சமைத்தேன், துணி மடித்தேன், குளிக்கும்போது அந்த ஒற்றை மெட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அது காலில் கிடக்கிறவரைக்கும் நான் இன்னும் அவர் மனைவிதான் என்று ஒரு நினைப்பு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முழங்காலுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். மறுநாள் காலைவரை உணர்ச்சி இருக்காது என்றார்கள். வீட்டுக்கு வந்து காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்தேன். மாலையில் தேநீர் கொண்டுவந்த அக்கா, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்து நின்றுவிட்டார். பிளாஸ்டரைப் பிரித்தார்.

“என்னடி இது, கத்திரிக்காய் கலர்ல இருக்கு?”

“வலிக்கலையே அக்கா.”

“எப்படி வலிக்கும்? மரத்துப்போகத்தானே ஊசி போட்டிருக்காங்க. எந்திரி, போவோம்.”

அவரே கார் ஓட்டினார். வலது பக்கம் திரும்பவே பயப்படுகிறவர், அன்று லோரிகளுக்கு நடுவில் புகுந்து திரும்பினார். நான் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, யாருடைய விரலையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எமர்ஜென்சியில் கூட்டம். ஆனால் விரலைப் பார்த்ததும் சக்கர நாற்காலியோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உடனே மெட்டியை வெட்டவேண்டும், இன்னும் தாமதித்தால் விரலே போய்விடலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. அக்கா என் தோளைப் பிடித்தார்.

“வெட்டச் சொல்லுடி. அன்னைக்கு நல்லா இழுத்திருந்தா வந்திருக்கும். நான்தான் விட்டுட்டேன். எனக்கு மனசு வரல. அவன் என் தம்பி.”

தலையாட்டினேன். மலாய்க்கார உதவியாளர் ஒருவர் சின்னச் சக்கரம் வைத்த கருவியோடு வந்தார். விரலுக்கும் மெட்டிக்கும் நடுவில் ஒரு தகட்டை நுழைத்து, மெதுவாகச் சுற்றினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மெட்டி அறுந்து தட்டில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விரலுக்கு நிறம் திரும்பியது. ரத்தம் ஓடுகிறது, விரல் தப்பித்தது என்றார் டாக்டர்.

உதவியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மலாயில் ஆறுதல் சொன்னார். கவலைப்படாதீர்கள் ஆன்டி, வீட்டுக்குப் போய் அங்கிளிடம் சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

சொல்கிறேன் என்றேன்.

ஒப்புக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லத்தான் நினைத்தேன். உன் பிடிவாதத்துக்கு நல்லா வேணும் என்று முதலில் திட்டுவார், பிறகு சிரிப்பார், சனிக்கிழமை நகைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்பதுவரை மனத்தில் ஓடிவிட்டது. பக்கத்தில் விசும்பல் கேட்டது. அக்கா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். விரல்தான் பிழைச்சிருச்சே, எதுக்கு அழறீங்க என்று கேட்க வாயைத் திறந்தேன்.

என் கணவர் செத்துப்போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.