அஞ்சலையின் கரண்டுப் பாட்டு

திண்டிவனத்தில் பஸ் ஏறியதும் கரண்டைப் பற்றிய ஒரு ராப் பாட்டு அலறியது. மகள் தலையாட்டினாள். எனக்கு அஞ்சலையின் குரல்தான் கேட்டது. எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே கூலிக்குக் களையெடுத்துக்கொண்டே அவளாகக் கட்டிப் பாடியது:

"ஆண்டை மோட்டாருக்கு வந்த கரண்டு
அஞ்சாறு குடிசைக்கு வரலியே!"

ராகம் பிடித்துப்போய் அன்று சாயங்காலம் அப்பாவிடம் பாடிக் காட்டினேன். எனக்கு எட்டு வயது.

"யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பெருமையாகப் பெயரைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் வரப்பிலேயே அவளை நிறுத்தி, "இனிமே நீ வேலைக்கு வராத" என்றார். அஞ்சலை என்னைத்தான் பார்த்தாள். மற்ற பெண்கள் குனிந்தபடியே களையெடுத்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க காலத்துல கரண்டுப் பாட்டு எதுனா இருந்துச்சாம்மா?" என்றாள் மகள்.

"இல்ல" என்றேன்.