ரெண்டு விஷு

புவியியல் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டது தன் தலையெழுத்து என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். போன வருஷம் அது எனக்கே உறைத்தது.

ஆடியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நான் எழுந்து நடந்தால் ஐப்பசி முதல் தேதி, விஷு அன்று பாபநாசம் ஆற்றில் முங்க வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். எழுந்துவிட்டேன். வேண்டுதல் பாக்கி நின்றது.

ஐப்பசி பிறந்தால் மலையில் மழை, ஆற்றில் செந்தண்ணீர், படித்துறையில் ஊர்ப்பட்ட கூட்டம். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறுவதற்குள் சட்டைப் பொத்தான் போய்விடும். எனக்கோ தலை நனைந்தாலே தும்மல். யோசித்து ஒரு பாயிண்டைப் பிடித்தேன். விஷு என்றால் இரவும் பகலும் சமமாகிற நாள். வானத்தில் அது புரட்டாசி ஆறாம் தேதியே வந்துவிடுகிறது; பஞ்சாங்கம்தான் பிந்தி ஓடுகிறது. டார்ச் லைட்டும் ஆரஞ்சுப் பழமும் வைத்து விளக்கினேன். அவள் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே கேட்டாள். சரி, போவோம் என்றாள். இவ்வளவு லேசில் மடங்குவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

சாரல் ஓய்ந்து, அடைமழை தொடங்காத நேரம் அது. படித்துறை காலி. இடுப்பளவு தண்ணீர், இளவெயில், ராஜ முழுக்கு. அவள் துண்டோடு மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு என்றாலே அவளுக்குப் பயம். கணுக்காலுக்கு மேல் நனைத்து நான் பார்த்ததில்லை. கடன் தீர்ந்த சந்தோஷத்தில் திரும்பும் வழியில் ரெண்டு செட் பூரி சாப்பிட்டேன்.

ஐப்பசி முதல் தேதி விடிகாலையில் என்னை உலுக்கி எழுப்பினாள். அதுதான் புரட்டாசியிலேயே முடிந்ததே என்றேன்.

"அது உங்க விஷு. நல்லா குளிச்சீய, நான் எதுவும் சொன்னனா? இது என் விஷு. கெளம்புங்க."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வழியெல்லாம் புலம்பினேன், அவள் காதில் வாங்கவில்லை. ஆறு கலங்கி இழுத்துக்கொண்டு ஓடியது. படித்துறைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, தும்மிக்கொண்டே ஒரு முங்கு போட்டு எழுந்தால், பக்கத்தில் அவள் நிற்கிறாள். நெஞ்சளவு தண்ணீர். பல் தந்தியடிக்கிறது. பதறிப்போய், மேலே ஏறு, வேண்டுதல் எனக்குத்தானே என்றேன்.

"உங்கள மட்டும் முக்குதேன்னு சொன்னா சாமி எப்படி நம்பும்? நானும் கூட முங்குதேன்னு சொன்னேன். அன்னைக்கு டாக்டரு கையை விரிச்சிட்டாரு. உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டு பேரும் முங்கினோம்.