கூட யாரு வந்திருக்காங்க?

அடி அண்ணாமலையில் இந்த மாடி வீட்டுக்கு நான் குடிவந்து ஒரு வருடம் முடிந்த சமயத்தில் என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. பஸ்ஸின் போர்டு தெரியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை. டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் நான். மாமியார் வீட்டைவிட எனக்குப் பழக்கமான இடம் ஆஸ்பத்திரிதான்.

நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்று வீட்டில் சொல்வார்கள். எந்தக் கிராமம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே வந்த புதிதில் ஒருநாள் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிப் போனேன். ஒரு டீ குடித்தேன், கடைத்தெருவைச் சுற்றினேன், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். யாரிடம் போய் என்னவென்று விசாரிப்பது?

கணவர் இறந்து, வேலையும் முடிந்த பிறகுதான் இங்கே வந்து இருந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்கு முன் இரண்டு தடவை மலை சுற்ற வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் மனசு நிறைந்துதான் திரும்பினேன். பத்து நாள் தங்குவது வேறு, குடியிருப்பது வேறு என்பது அப்போது உறைக்கவில்லை. “மூணு மாசத்துல திரும்பி வந்துடுவீங்கம்மா” என்று மகன் சொன்னான். அவன் அப்படிச் சொன்னதாலேயே நான் திரும்பிப் போகவில்லை.

செங்கம் ரோட்டில் காபிக் கடைகளில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். வெளிநாட்டுக்காரர் என்று அவர்களுக்கு இந்த ஊரில் ஓர் இடம் இருக்கிறது. வழி தெரியாமல் நின்றால் கூடவே நடந்து போய்க் காட்டுவார்கள். தப்பாக எதையாவது செய்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. முகம் இந்த ஊர் முகம், பேச்சு தமிழ். ஒருநாள் காலையில் மளிகைக் கடைக்காரரிடம், எங்கள் ஊர் வழக்கப்படி, “பசியாறியாச்சா?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்ன சாமான் வேண்டும் என்றார். அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டேன். நாளாக நாளாக யாரிடமும் எதையும் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

கீழே வீட்டுக்காரம்மா இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நிலம் இருக்கிறது, கணவரும் அவரும் பாடுபடுகிறார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மேசை போட்டு மோரும் சுண்டலும் விற்பார். முதல் மாதம், குழம்பு வைத்தால் படியில் நின்று குரல் கொடுப்பார், கொஞ்சம் தரட்டுமா என்று. நான் வேண்டாம் என்றேன். எங்கள் அடுக்குமாடி வீடுகளில் பிறத்தியாருக்குத் தொந்தரவு தராமல் இருப்பதுதான் மரியாதை. மூன்று தடவை வேண்டாம் என்ற பிறகு அவர் கேட்கவில்லை. பேரனுக்குக் காது குத்தும்போது தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து அழைத்தார். பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவே யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று நான் கீழே இறங்கவில்லை. மாடியிலிருந்து மேளச்சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சோற்றைத் தட்டில் போட்டேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆபரேஷன் நாளன்று காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். துண்டு, பிளாஸ்க், ரிப்போர்ட் எல்லாம் பையில் இருந்தன. கவுண்டரில் இருந்த நர்ஸ் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, “கூட யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

துணைக்கு ஆள் வேண்டும் என்று அவர்கள் கொடுத்த பேப்பரில் எழுதியிருந்தது உண்மைதான். எங்கள் ஆஸ்பத்திரி பாரத்திலும் அப்படி ஒரு வரி உண்டு. தனியாக வந்தவர்களுக்கு நானே எத்தனையோ தடவை முத்திரை குத்தி உள்ளே அனுப்பியிருக்கிறேன். அங்கே உள்ளே போய்விட்டால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உறவுக்காரர்கள் சாயங்காலம் பழத்தோடு வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். இங்கே அப்படி இல்லை. மருந்து வாங்கி வர, கையெழுத்துப் போட, கையைப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிப்போக, மயங்கினால் முகத்தில் தண்ணீர் தெளிக்க, எல்லாவற்றுக்கும் வீட்டு ஆள் வேண்டும். முப்பது வருட சர்வீஸ் என்ற திமிரில் அந்த வரியை நான் சட்டை செய்யவில்லை.

நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“கண்ணைக் கட்டி வெளிய அனுப்பினா யாரும்மா உங்களைக் கூட்டிம்போறது?” என்றார் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. யாரையாவது போன் செய்து வரச் சொல்லுங்கள், டாக்டர் பதினொரு மணிவரை இருப்பார் என்று பெஞ்சைக் காட்டினார்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். அவருடைய ஒரு கண்ணுக்காக மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மச்சான் எல்லாரும் வந்திருந்தார்கள். ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி தூக்குவாளியும் போர்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போனைத் திறந்து பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் சிலிண்டர் போடுபவர். தண்ணீர் கேன்காரர். ஆட்டோக்காரர். ஆட்டோக்காரரைக் கூப்பிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு வருடமாகத் தினமும் காலையில் ஓர் ஆசிரமத்தில் தியானத்துக்குப் போகிறேன். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுபவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அங்கே பேசக் கூடாது.

பதினொரு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் மகன் கூப்பிட்டான். டாக்டர் ஊரில் இல்லை, தேதி தள்ளிப் போயிருக்கிறது என்றேன். கூட யார் வருவார்கள் என்று அவனும் கேட்டான். அதே கேள்வி. கீழ் வீட்டம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள், கோயிலுக்குச் சேர்ந்து போகும் சிநேகிதிகள், எல்லாரும் இருக்கிறார்கள், நீ கவலைப்படாதே என்றேன். இது புதுப் பொய் இல்லை. ஒரு வருடமாக அவனுக்காக இந்த ஊரில் நான் ஒரு கூட்டத்தையே வளர்த்து வைத்திருந்தேன். ஆபரேஷனுக்கு இங்கே ஆள் இல்லை என்று தெரிந்தால் டிக்கெட் போட்டுவிடுவான். போனால் திரும்பி வரமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். எனக்கு இந்த ஊரைவிட்டுப் போக மனசில்லை. இங்கே யாருமில்லாமல் இருப்பதையும் தாங்க முடியவில்லை. அன்று முழுக்க ஒரு கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் கீழே இறங்கினேன். வீட்டுக்காரம்மா முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி, ஒருநாள் மட்டும் கூட வர முடியுமா என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் கையில் இருந்ததை உரித்து முறத்தில் போட்டார்.

“காதுகுத்துக்கு மேல ஏறி வந்து கூப்ட்டேன். எறங்கி வர உங்களுக்கு மனசு வரல” என்றார்.

எனக்கு அங்கே யாரையும் தெரியாது, அதனால்தான் என்றேன்.

“என்னைத் தெரியும் இல்ல?”

உங்கள் மனசு இவ்வளவு வருத்தப்படும் என்று தெரியாமல் போய்விட்டது, தப்புதான் என்றேன். அவர் சமாதானமானாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. நல்ல கண்ணாலும் அதைப் பார்த்திருக்க முடியாது. உரித்த தோலை ஒதுக்கித் தள்ளிவிட்டு, “எத்தினி மணிக்குப் போவணும்?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மறுபடி குறித்துக் கொடுத்த நாளில் எனக்கு முன்னால் தயாராகி வாசலில் நின்றார். போர்வை, ரசம் சோறு, ஒரு சொம்பு எல்லாம் எடுத்து வந்திருந்தார். கவுண்டரில் அதே நர்ஸ். பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே, இவங்களுக்கு நீங்க என்ன உறவு என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டார். ‘எங்க அக்கா’ என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டே நின்றேன்.

“உறவெல்லாம் இல்ல. எங்க வீட்ல குடியிருக்காங்க” என்றார்.

நர்ஸ் ‘ஹவுஸ் ஓனர்’ என்று எழுதினார். வீட்டுக்காரம்மா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முப்பது வருடம் உறவு என்ற அந்தக் கட்டத்தை நான் எத்தனை பேருக்கு நிரப்பியிருப்பேன். அது ஆளை இப்படி அறுக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டது. கண்ணில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தேன். என் போன் வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது. அது அடித்ததும் எடுத்துவிட்டார். மகன்தான். அவன் பேசுவது பாதித் தமிழ்தான். அம்மா எப்படி இருக்கிறார், கூட யார் யார் இருக்கிறார்கள், எல்லாரும் வந்திருக்கிறார்களா என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

“நான் மட்டுந்தான் இருக்கேன்ப்பா. உங்கம்மாவுக்கு இங்க யாரும் இல்ல. அதான் நான் வந்தேன்” என்றார்.

பிறகு போனை என் கையில் வைத்தார். நான் கட்டிவைத்த சிநேகிதிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தில் போய்விட்டார்கள். அவன் மெதுவாக, “அப்படியாம்மா?” என்று கேட்டான்.

“ஆமாம்ப்பா” என்றேன்.

அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா எழுந்து வந்து, முந்தானையால் என் கன்னத்தை ஒற்றினார்.

“அழுவாதீங்க. அந்தக் கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு நர்ஸம்மா என்கிட்டதான் சொல்லியிருக்காங்க” என்றார்.