சிவப்பு பல்பு

கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து கருகிய வார்னிஷ் வாசனை வந்தது. இப்போது மனையாகிவிட்ட எங்கள் கரும்புக்கொல்லையில், வோல்டேஜ் குறைந்து அடிக்கடி காயில் எரிந்த மோட்டார் கொட்டகையின் வாசனை அது. மும்முனை மின்சாரம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாததால் அப்பா கொட்டகை வாசலில் ஒரு சிவப்பு பல்பைக் கட்டியிருந்தார். அது எரிந்ததும் தெருப் பெண்கள் துணி மூட்டைகளோடு துவைக்க ஓடி வர, ஆட்டோ ஸ்விட்சில் மோட்டார் தானாகக் கிளம்பி, தொட்டியில் தண்ணீர் நுரைத்து விழும்.

ஒருநாள் அம்மா, "இன்னா பண்ணாலும் பருப்பு வேவ மாட்டேங்குது, தண்ணி கரிக்குது" என்றாள்.

"போர்ல இன்னும் நாலு பைப்பு எறக்குனா நல்ல தண்ணி வந்துரும்டி" என்றார் அப்பா.

வருஷா வருஷம் இறக்கினார், ஊரே இறக்கியது, இறக்க இறக்க மண்ணுக்கடியில் பக்கத்துக் கடல்தான் உள்ளே வந்தது. கரும்புச் சோகை நுனியிலிருந்து கருகியது, தொட்டி விளிம்பில் உப்பு பூத்தது, பெண்கள் வருவது நின்றது.

கடைசியில் நாள் முழுக்க மும்முனை மின்சாரம் வந்தது. அப்பா மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார். செத்த கரும்புக்கு நடுவே அந்தச் சிவப்பு பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க அவர் போகவேயில்லை.