முப்பத்தோரு முறை செத்தவர்

டிவி நிகழ்ச்சிப் பத்திரிகை தபாலில் வந்ததும் பக்கத்து வீட்டு சுந்தர்சிங் அங்கிள் பென்சிலை எடுத்துக்கொண்டு தன் சாவுகளைத் தேட ஆரம்பித்துவிடுவார். "செவ்வாய் மத்தியானம் ஒண்ணு இருக்கு தம்பி. அதுல குதிரையிலேர்ந்து விழுவேன். சனிக்கிழமை ஈட்டி."

பாளையங்கோட்டைக்காரர். கப்பலில் சமையலுக்கு வந்து, நாற்பத்தேழாம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கி, எப்படியோ ஹாலிவுட்டுக்குள் நுழைந்துவிட்டார். அரேபியர், எகிப்தியக் காவலர், செவ்விந்தியர். தமிழரைத் தவிர எல்லாமாகவும் இருந்து முப்பத்தோரு படத்தில் செத்திருக்கிறார். தெரிவதெல்லாம் தலைப்பாகையும் முதுகும்தான். "முகத்தைக் காட்டிட்டா அடுத்த சீன்ல வேற ஆளா சாக முடியாதுல்லா?"

சாவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. வலது கை நெஞ்சுக்குப் போகும், இடது முழங்கால் மடியும், அரைச்சுற்று சுற்றித்தான் விழுவார். "பொத்துன்னு விழுறவன் ஆக்டர் இல்லடே. மூட்டை."

முகம் தெரிந்த படம் ஒன்றே ஒன்று. அதுவும் நாலு செகண்ட். மூன்று வருடம் காத்திருந்து, டிவியில் வந்தபோது ரெகார்ட் பண்ணி வைத்தார். அந்தக் கேசட்டை இரவல் வாங்கி வந்து, லேபிள் இல்லாததால் காலி என்று நினைத்து, சான்டா கிளாரா இந்திய மளிகைக்கடையில் வாடகைக்கு எடுத்த தமிழ்ப்படத்தை அதன்மேல் காப்பி பண்ணித் தொலைத்த புண்ணியவான் நான்தான். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

போன சனிக்கிழமை ஹூஸ்டனிலிருந்து பேத்தி கிருபாராணி வந்திருந்தாள். பத்து வயது. தாத்தா டிவியில் காட்டிய முதுகுகளையெல்லாம் பார்த்துவிட்டு, "தட் குட் பி எனிபடி, கிராண்ட்பா" என்று சொல்லிவிட்டாளாம். முகத்தைக் காட்டிவிடலாம் என்று அங்கிள் அந்தக் கேசட்டைக் கொண்டுவரச் சொல்லி, தன் வீட்டு வாசலிலேயே காத்து நின்றார். நான் செய்த காரியத்தைச் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாலு செகண்டுதானே. விடு, தம்பி" என்றார். உள்ளே டிவியில், பத்திரிகையில் வட்டமிட்டிருந்த படம். தலைப்பாகைக்காரர் ஒருவரை ஈட்டிக்காரர்கள் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். டீப்பாயை ஓரமாகத் தள்ளினார். "அங்கிள், வேண்டாம், எழுபது வயசு!" என்றேன். யார் கேட்டார்கள்? வலது கை நெஞ்சுக்குப் போனது, இடது முழங்கால் மடிந்தது, அரைச்சுற்று. டிவியில் ஈட்டி பட்ட தலைப்பாகைக்காரரும் அதே மாதிரி சுற்றி விழ, அங்கிள் கார்ப்பெட்டில் கிடந்தார்.

கிருபாராணி டிவியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "ஓ மை காட்! இட்ஸ் யூ! கிராண்ட்பா, இட்ஸ் யூ!" என்று குதித்தாள்.

பிணம் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் மெல்லத் தூக்கி உதட்டின்மேல் வைத்தது.